சர்வர் டவுனா, நம்ம லைன் போச்சா? கண்டுபிடிக்கும் முறை

"சர்வர் டவுன், அப்புறம் வாங்க." சத்துவாச்சாரியில் ஆரம்பித்து குடியாத்தம் வரை எந்த பிரவுசிங் சென்டரிலும் கேட்கிற வார்த்தை இது. பல நேரம் உண்மைதான். ஆனால் சில நேரம் பழுது அந்தக் கடையின் ரூட்டரிலேயே இருக்கும். காத்திருப்பதா, வேறு வழி பார்ப்பதா என்று முடிவெடுக்க, பழுது எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

1. திரையில் வந்த வரியைப் படியுங்கள்

அவசரத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. துப்பு முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

500, 502, 503, 504 என்று எண் வந்தால் உங்கள் நெட் நன்றாக இருக்கிறது. மறுமுனையிலிருந்து பதில் வந்ததால்தான் அந்த எண்ணே தெரிகிறது. 500 என்றால் அவர்களுடைய மென்பொருள் தடுமாறுகிறது. 502, 504 என்றால் முன்னால் நிற்கும் கணினிக்குப் பின்னால் இருக்கும் கணினியிடமிருந்து சரியான பதில் வரவில்லை. 503 என்றால் கூட்டம் தாங்கவில்லை, அல்லது பராமரிப்பு வேலை நடக்கிறது. 404 வந்தால் தளம் உயிரோடுதான் இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் இல்லை. 403 என்றால் உங்களை உள்ளே விடவில்லை. விபிஎன் (உங்கள் இணைப்பை வேறு இடத்து சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டிருந்தால் அணைத்துப் பாருங்கள். 429 என்றால் நீங்கள் மறுபடி மறுபடி அழுத்தியதுதான் காரணம். சில நிமிடம் கையை எடுத்துவிடுங்கள்.

எண்ணே வராமல் "இந்தத் தளத்தை அணுக முடியவில்லை" என்று மட்டும் வந்தால் பழுது எந்தப் பக்கமும் இருக்கலாம். அடுத்த படிக்குப் போங்கள்.

பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, தேதி தவறு என்று வந்தால் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு மேல் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வங்கித் தளம், மெயில் என்று எல்லாமே திறக்க மறுக்கும். குறை எந்த சர்வரிலும் இல்லை.

2. லைனை மாற்றுங்கள்

வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். கம்ப்யூட்டராக இருந்தால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணையுங்கள். திறந்துவிட்டால் சேவை நன்றாக இருக்கிறது, உங்கள் வைஃபை லைனில்தான் கோளாறு.

இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருந்தால் அது இரண்டு சோதனை ஆகாது. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தால், மின்னினால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். தெருவில் பள்ளம் தோண்டியதில் கேபிள் அறுந்திருக்கலாம். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. கனெக்‌ஷன் கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

வைத்தியத்துக்கு வேலூர் வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். லாட்ஜ் வைஃபை ரூம் நம்பரோ போன் நம்பரோ கேட்டு உள்ளே விடும். குறிப்பிட்ட நேரம் கழித்து சத்தமில்லாமல் துண்டித்துவிடும். போனில் வைஃபை அடையாளம் அப்படியே இருக்கும், எதுவும் திறக்காது. காட்பாடியில் ஏறி ஊர் திரும்ப ஏசி தட்கல் போடுகிறவர் காலை 10 மணிக்கு இதில் மாட்டினால் டிக்கெட் போயே போய்விடும். அதனால் 9.45-க்கே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுங்கள். இரவு 11.45 முதல் 12.20 வரை ஐஆர்சிடிசி தளம் பராமரிப்புக்காக முன்பதிவை நிறுத்தி வைப்பது வழக்கம். அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை என்றால் அது பழுது அல்ல.

3. வேறு ஊரில், வேறு சிம்மில் இருப்பவரைக் கேளுங்கள்

நீங்கள் ஜியோ என்றால் ஆம்பூரிலோ ஆரணியிலோ ஏர்டெல், பிஎஸ்என்எல் வைத்திருக்கும் ஒருவரைக் கேளுங்கள். "உனக்கு நெட் வருதா?" என்று கேட்டால் பயனில்லை. "இந்தத் தளத்தைத் திறந்து லாகின் வரைக்கும் போய்ப் பாரு" என்று சொல்லுங்கள். முதல் பக்கம் திறந்து, லாகின் மட்டும் படுத்துக்கிடப்பது அடிக்கடி நடக்கும்.

4. சரிபார்க்கும் தளங்கள்

இரண்டு வகை உண்டு. டவுன்டிடெக்டர் போன்றவை மக்கள் கொடுக்கும் புகார்களை எண்ணி 24 மணி நேர வரைபடமாகக் காட்டும். எந்த நேரமும் பத்து இருபது புகார் இருக்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கோடு திடீரென்று செங்குத்தாக ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இன்னொரு வகையில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அவர்களுடைய சர்வரே போய்த் தட்டிப் பார்க்கும். அந்த சர்வர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும். நம் அரசுத் தளங்கள் பல வெளிநாட்டு முகவரிகளை உள்ளே விடுவதில்லை. அதனால் இங்கே நன்றாக ஓடும் தளத்தை அது 'டவுன்' என்று சொல்லக்கூடும். அரசுத் தளத்துக்கு மூன்றாவது படியை நம்புங்கள்.

பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்று ஸ்டேட்டஸ் பக்கம் வைத்திருக்கும். அதில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், 5.30 மணி கூட்டிக்கொள்ளுங்கள். பழுது விழுந்தவுடன் அந்தப் பக்கம் மாறிவிடாது. பச்சையாக இருந்தால் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

5. கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டு கட்டளை

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் 'பிங்' என்று அடித்து ஒரு இடம் விட்டு 8.8.8.8 (கூகுளின் பொது சர்வர் ஒன்றின் முகவரி) போடுங்கள். 'ரிப்ளை' என்று நான்கு வரி வந்தால் உங்கள் நெட் உலகத்தை எட்டுகிறது. அடுத்து 'என்எஸ்லுக்அப்', இடம், தளத்தின் பெயர். எண் முகவரி வராவிட்டால் அதே கட்டளையின் கடைசியில் இடம் விட்டு 1.1.1.1 சேர்த்து மறுபடி அடியுங்கள். இப்போது மட்டும் முகவரி வந்தால் பழுது உங்கள் நெட் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வரில். 1.1.1.1 என்பது வேறொரு நிறுவனத்தின் பொது டிஎன்எஸ். வேறு டிஎன்எஸ்ஸுக்கு மாற்றினால் தளம் திறந்துவிடும்.

இரண்டிலும் முகவரி வராவிட்டால் சேவையின் பக்கமே பெரிய அடி விழுந்திருக்கலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் படுத்தது அப்படித்தான். பராமரிப்பின்போது நடந்த தவறால் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்திலிருந்து மறைந்துபோனது.

தளத்தின் பெயரைப் போட்டு பிங் செய்து பதில் வராவிட்டால் உடனே 'டவுன்' என்று சொல்லிவிடாதீர்கள். பிங்குக்குப் பதில் சொல்லாமலே நன்றாக ஓடும் தளங்கள் நிறைய.

பணம் நடுவில் நின்றால்

யுபிஐயில் உங்கள் ஆப், உங்கள் வங்கி, நடுவில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, வாங்குபவரின் வங்கி என்று நான்கு இடம் இருக்கிறது. எதில் அடைத்தாலும் 'பெண்டிங்' என்று காட்டக்கூடும். மறுபடி அனுப்பாதீர்கள். வேறு ஆப் மாற்றினாலும் வங்கி அதேதான் என்றால் அடைப்பு அங்கேயே இருக்கக்கூடும். முதலில் வங்கி இருப்பைப் பாருங்கள், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கழிந்து, போய்ச் சேராமல் இருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி தனிநபருக்கு அனுப்பியது அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியது 5 நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.