டேபிள் யார் பெயரில் இருக்கிறது? போஸ்ட்கிரெஸ்ஸில் ஓனரும் பெர்மிஷனும்

பெங்களூரில் ஒருவர் வேலையை விட்டுக் கிளம்பினால் லேப்டாப்பையும் ஐடி கார்டையும் மறக்காமல் வாங்கிவிடுவார்கள். டேட்டாபேஸில் அவர் பெயரில் கிடக்கும் டேபிள்களை யாரும் கேட்பதில்லை. அடுத்து வருபவர் டேபிளில் ஒரு காலம் (நெடுவரிசை) சேர்க்கப் போகும்போதுதான் ‘மஸ்ட் பி ஓனர் ஆஃப் டேபிள்’ என்று வந்து நிற்கும்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் டேபிளை உருவாக்கியவரே அதன் ஓனர். படிக்க, சேர்க்க, திருத்த, அழிக்க மற்றவர்களுக்கு கிராண்ட் மூலம் உரிமை தரலாம். டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர், டேபிளையே நீக்கும் டிராப் இரண்டையும் அப்படித் தரவே முடியாது. ஓனர், ஓனர் ரோலில் (ரோல் என்பது உரிமைகளைத் தாங்கும் பெயர்; ஓர் ஆளாகவோ குழுவாகவோ இருக்கலாம்) உறுப்பினராக இருப்பவர், எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் ஆகியோரால் மட்டுமே அவற்றைச் செய்ய முடியும்; டிராப் மட்டும், டேபிள்களைத் தொகுத்து வைக்கும் ஸ்கீமாவின் ஓனராலும் முடியும். அதனால் டேபிளை ஆள் பெயரில் வைக்காதீர்கள்; லாகின் இல்லாத ஒரு ரோலின் பெயரில் வையுங்கள்.

கே.ஆர். மார்க்கெட்டில் ஒரு மொத்தப் பூக்கடையின் டேட்டாபேஸ் என்று வைத்துக்கொள்வோம். பில், வரவு ஆகிய டேபிள்களை உருவாக்கிய கார்த்திக் கிளம்புகிறார். அவர் இடத்துக்கு செல்வி வருகிறார். கணக்கு பார்க்கும் முருகனுக்குப் படிக்கும் உரிமை மட்டும் போதும். (கட்டளைகளைத் தமிழில் தந்திருக்கிறோம்; திரையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

படி 1: இருப்பதைப் பாருங்கள்

போஸ்ட்கிரெஸ்ஸுக்குக் கட்டளை அடிக்கும் பி.எஸ்.க்யூ.எல்-லில் பேக்ஸ்லாஷ் போட்டு டி, டி (\dt) என்று அடித்தால் ஒவ்வொரு டேபிளின் ஓனரும் தெரியும். டி, பி (\dp) என்று அடித்தால் உரிமைகள் வரும். அதில் ‘முருகன்=ஆர்/கார்த்திக்’ என்று இருந்தால், முருகனுக்குப் படிக்கும் உரிமை உண்டு, கொடுத்தவர் கார்த்திக் என்று பொருள். ஏ என்றால் சேர்க்க, டபிள்யூ என்றால் திருத்த, சின்ன டி (d) என்றால் அழிக்க. பெரிய டி (D) என்றால் ட்ரன்கேட். டேபிளையே ஒரேயடியாகக் காலி செய்யும் உரிமை அது.

பில் போடும் ஆப் கார்த்திக்கின் பாஸ்வேர்டில் ஓடுகிறதா என்பதை, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் இப்போதே பாருங்கள். ஓனர் மாறியதும் பழைய ஓனரின் உரிமைகள் புது ஓனருக்குப் போய்விடும். ஆப் அந்த நிமிடமே நின்றுவிடும். ஆப்புக்குத் தனி லாகின் கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

படி 2: ஓனர் ரோல்

கிரியேட் ரோல் கடை_ஓனர் நோலாகின்;
கிராண்ட் கிரியேட் ஆன் ஸ்கீமா பப்ளிக் டு கடை_ஓனர்;
கிராண்ட் கடை_ஓனர் டு செல்வி;

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். 2022-இல் வந்த பதிப்பு 15 முதல், புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸில் பப்ளிக் ஸ்கீமாவில் எல்லோரும் டேபிள் போட முடியாது. நீங்களே உருவாக்கிய ஸ்கீமா என்றால் யூசேஜும் (பயன்படுத்தும் உரிமை) சேர்த்துக் கொடுங்கள்.

படி 3: பெயர் மாற்றம்

ஒரு டேபிள் மட்டும் என்றால்:

ஆல்டர் டேபிள் பில் ஓனர் டு கடை_ஓனர்;

கார்த்திக்கின் பெயரில் இருக்கும் எல்லாம் என்றால்:

ரீஅசைன் ஓன்ட் பை கார்த்திக் டு கடை_ஓனர்;

ஆல்டர் டேபிள் அந்த டேபிளை முழுதாகப் பூட்டும். நீண்ட ரிப்போர்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் இது காத்திருக்கும். இதற்குப் பின்னால் வரும் பில்களும் வரிசையில் நிற்கும். பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் லாக்_டைம்அவுட்டை 5 நொடிக்கு வைத்துவிட்டு ஓட்டுங்கள். கிளவுடில் தரும் மாஸ்டர் யூசர் பெரும்பாலும் முழு சூப்பர்யூசர் அல்ல. கார்த்திக், கடை_ஓனர் இரண்டு ரோல்களையும் அவருக்கு கிராண்ட் செய்த பிறகே ரீஅசைன் நடக்கும்.

இனி செல்வி புது டேபிள் போடும் முன் ‘செட் ரோல் கடை_ஓனர்’ என்று அடிக்க வேண்டும். உறுப்பினராக இருப்பது மட்டும் போதாது. இதை அடிக்காமல் போட்டால் டேபிள் செல்வி பெயரில் விழும்.

படி 4: படிப்பவருக்கு உரிமை

கிராண்ட் செலக்ட் ஆன் ஆல் டேபிள்ஸ் இன் ஸ்கீமா பப்ளிக் டு முருகன்;

இது இன்றைக்கு இருக்கும் டேபிள்களுக்கு மட்டும். நாளை வரப்போகும் டேபிளுக்கு:

ஆல்டர் டிஃபால்ட் ப்ரிவிலேஜஸ் ஃபார் ரோல் கடை_ஓனர் இன் ஸ்கீமா பப்ளிக் கிராண்ட் செலக்ட் ஆன் டேபிள்ஸ் டு முருகன்;

பலரும் தடுக்கி விழும் இடம் ‘ஃபார் ரோல்’. அதை விட்டால், கட்டளையை ஓட்டியவர் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பிழைச் செய்தி எதுவும் வராது. அடுத்த மாதம் முருகன் ‘பெர்மிஷன் டினைடு’ என்று வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

ஆப்புக்கு இன்சர்ட் கொடுத்தும் பில் விழவில்லையா? எண் தானாக ஏறும் காலம் சீரியல் வகையாக இருந்தால், அந்த எண்ணைத் தரும் சீக்வென்ஸுக்கும் யூசேஜ் வேண்டும். ஐடென்டிட்டி காலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 5: பழைய ரோலை நீக்குதல்

ரீஅசைன் ஓன்ட், டிராப் ஓன்ட், டிராப் ரோல். வரிசை இதுதான். டிராப் ஓன்ட் எஞ்சிய உரிமைகளை நீக்கும். ஆனால் கார்த்திக் பெயரில் டேபிள் ஏதும் மிச்சம் இருந்தால் அதையும் தரவோடு சேர்த்து அழித்துவிடும். ஓட்டும் முன் முதல் படியை மறுபடி செய்து, ஓனர் நெடுவரிசையில் அவர் பெயர் எங்கும் இல்லை என்று பாருங்கள். ‘பிகின்’ போட்டுத் தொடங்கினால் தவறு தெரிந்ததும் ‘ரோல்பேக்’ செய்யலாம்.

ரோல் என்பது சர்வர் முழுவதற்கும் பொது. முதல் இரண்டு கட்டளைகளோ மற்ற டேட்டாபேஸ்களின் உள்ளே இருப்பவற்றைத் தொடாது. ஒவ்வொரு டேட்டாபேஸிலும் போய் ஓட்ட வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தால் டிராப் ரோல் மறுத்துவிடும். எந்த டேட்டாபேஸில் மிச்சம் இருக்கிறது என்பதை அந்தப் பிழைச் செய்தியின் ‘டீடெய்ல்’ வரியே சொல்லும்.