பச்சைக்கறி தின்ற மணி

போன ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையில் தேக்கிலையில் மடித்து வாங்கிவந்த கோழிக்கறியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கத்தி எடுக்க உள்ளே போனேன். வருவதற்குள் எங்கள் நாய் மணி அரை கிலோவை எலும்போடு விழுங்கிவிட்டான். இலையை நக்கிப் பளபளவென்று போட்டிருந்தான்.

பக்கத்து வீட்டு அத்தை, "உப்புத்தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வையி மக்கா" என்றார். நான் கேட்கவில்லை. உப்பு கூடினால் நாய்க்கு அதுவே விஷம். வாந்தியில் எலும்பு மேலேறித் தொண்டையில் சிக்கவும் செய்யும்.

பச்சை எலும்பு, வேகவைத்த எலும்பு அளவுக்குச் சிம்பு சிம்பாக உடையாது. பயம், பச்சைக்கறியில் இருந்து வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா என்ற கிருமிதான்.

ராத்திரி ஒருமுறை வாந்தி, பிறகு பேதி. கால்நடை மருத்துவருக்கு போன் போட்டேன். ஈறை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவந்தது. "நீர்ச்சத்து போகல, பெரிய நாய்தான், 12 மணி நேரம் சோறு வேண்டாம், தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க" என்றார். குட்டியாக இருந்தால் பட்டினி போடக்கூடாதாம். பேதியில் ரத்தம், நிற்காத வாந்தி, வயிறு உப்பல், இதில் எது வந்தாலும் உடனே தூக்கி வரச் சொன்னார். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது நாயின் ஈரலைக் கெடுக்கும்.

மறுநாள் குழைந்த சோற்றில் உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பிசைந்து சிறிது சிறிதாக வைத்தேன். கழிச்சலைக் கையுறை போட்டு அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைக் கழுவினேன். அந்தக் கிருமி நமக்கும் தொற்றும் என்பதால் பேத்தியை அவன் நக்க விடவில்லை. மூன்றாம் நாள் காலை மலம் இறுகியது. வாலாட்டிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டான்.