கேஸெக்ரைனர்: ராயபுரத்து மொட்டைமாடியில் புகைபோட்ட சீஸ் சாசேஜ்

அப்பா காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் வியாபாரம் பார்த்தவர். விசைப்படகு கரைக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது மீனை இல்லை, ஐஸை. உடைத்த ஐஸ் அடிவரைக்கும் இறங்கியிருக்கிறதா, மேலாகத் தூவிவிட்டிருக்கிறார்களா என்று பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்ப்பார். "சூடு ஏறின மீனை அப்புறம் ஐஸ்ல போட்டு என்ன பிரயோஜனம்?" என்பார். வீட்டில் சாசேஜ் செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது.

டான்யூப் ஆற்றில் ஓடும் பயணிகள் கப்பலில் ஐந்து வருஷம் சமையல்கூடத்தில் வேலை பார்த்தேன். வியன்னாவில் கப்பல் ரைக்ஸ்ப்ரூக்கே பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, பசியோடு ஊருக்குள் நடந்தால் எங்காவது ஒரு வூர்ஸ்டல்ஷ்டாண்ட் திறந்திருக்கும். நம்மூர் கையேந்தி பவன் மாதிரிதான். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். அங்கே முதல் நாள் வாங்கியது கேஸெக்ரைனர். கத்தி பட்டதும் தோல் 'டப்'பென்று வெடித்து, உள்ளிருந்து சீஸ் வழிந்து தட்டில் ஓடியது. பக்கத்தில் கடுகு, துருவிய காட்டமான ஒரு கிழங்கு, ஒரு துண்டு ரொட்டி. குளிரில் அதைத் தின்றுகொண்டே, இதை நம் வீட்டில் செய்து அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'கேஸெ' என்றால் சீஸ். 'கிரைன்' என்பது இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் ஒரு பகுதியின் பழைய ஜெர்மன் பெயர். அங்கே செய்யும் மூல சாசேஜில் சீஸ் கிடையாது. பன்றிக்கறி, கொழுப்பு, உப்பு, பூண்டு, மிளகு, அவ்வளவுதான். சீஸ் போட்டது ஆஸ்திரியர்கள். இந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகளும் மல்லுக்கு நின்று, கடைசியில் 2015-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஸ்லோவேனிய சாசேஜுக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. ஆஸ்திரியர்கள் 'கேஸெக்ரைனர்' என்ற பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. மசாலாவில் கை வைக்காதீர்கள். நமக்குக் கை அரிக்கும். சோம்பு, மிளகாய்த்தூள், கரம் மசாலா எல்லாம் போடத் தோன்றும். போட்டால் அது வேறு சாசேஜ். இதில் புகையும் பூண்டும் சீஸும்தான் பேச வேண்டும்.

2 கிலோவுக்கு நான் போடும் கணக்கு இது: பன்றியின் முன்சப்பைக் கறி 1 கிலோ, மாட்டுக்கறி 300 கிராம், பன்றி முதுகுக் கொழுப்பு 400 கிராம், சீஸ் 300 கிராம். மொத்தத்தில் சீஸ் 15 சதவீதம். வியன்னாவிலும் 10-லிருந்து 20-க்குள்தான் இருக்கும். சீஸ் அதிகமானால் கறி ஒன்றோடொன்று பிடிக்காது. தூள் உப்பு 26 கிராம், பதப்படுத்தும் உப்பு 4 கிராம், அப்போது இடித்த மிளகு 5 கிராம், நசுக்கிய நாட்டுப்பூண்டு 10 கிராம், ஐஸ் 120 கிராம்.

கறிக்கடையில் விவரமாகச் சொல்லி வாங்குங்கள். நான் பெரம்பூர்ப் பக்கம் வாங்குகிறேன். "அண்ணே, தோல் வேணாம். முதுகுக் கொழுப்பு கெட்டியா தனியா கொடுங்க, வயித்துக் கொழுப்பு வேணாம்" என்பேன். "என்ன தம்பி, எல்லாரும் கொழுப்பு வேணாம்பாங்க, நீ கேட்டு வாங்கற" என்று சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுப்பார். வயிற்றுக் கொழுப்பு தொளதொளவென்று இருக்கும், சீக்கிரம் உருகும். முதுகுக் கொழுப்பு வெள்ளையாக, விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும்.

பதப்படுத்தும் உப்பு என்றேனே, அதில் கவனம் வேண்டும். இது ரோஸ் நிறம் போட்டு விற்கும் உப்பு; 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட், மீதி சாதா உப்பு. இணையத்தில் கிடைக்கிறது. கறியை மூடிய இடத்தில் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் புகைபோடும்போது, காற்றில்லாத உட்பகுதியில் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரலாம். அதைத் தடுப்பது இந்த நைட்ரைட்தான். கறியின் இளஞ்சிவப்பு நிறமும் அதனால்தான் நிற்கிறது. கறியும் கொழுப்பும் சேர்ந்து கிலோவுக்கு 2.5 கிராம், அதற்கு மேல் போனால் அதுவே விஷம். கரண்டிக் கணக்கு கூடவே கூடாது, நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில் நிறுக்க வேண்டும். டப்பாவை மற்ற உப்போடு வைக்காமல், பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாட்டு மருந்துக் கடை வெடியுப்பு இதற்கு மாற்று இல்லை. இந்த உப்பு கிடைக்கவில்லை என்றால் புகை போடாதீர்கள். சாசேஜைத் தண்ணீரில் வேகவைத்து, கல்லில் சுட்டு அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

சீஸுக்கு அங்கே எமென்டல் போடுவார்கள். இங்கே பெரிய கடைகளில் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் கடிக்கும். கட்டியாக வரும் பிராசஸ்டு சீஸிலும் செய்திருக்கிறேன். ருசி எமென்டல் அளவுக்கு இல்லை. ஆனால் அதில் சேர்க்கும் உப்புகளால் உருகினாலும் எண்ணெய் தனியாகப் பிரியாது. முதல் தடவை செய்பவர்களுக்கு அதையே சொல்வேன். துருவிய சீஸும் பீட்சா சீஸும் வேண்டாம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, 6 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகளாக வெட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

உறைக்கு, உப்பில் போட்டு விற்கும் பன்றிக்குடல் வாங்குங்கள், 28-லிருந்து 32 மில்லிமீட்டர் அகலம். ஆட்டுக்குடல் நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் உள்சவ்வைக் கிழியாமல் சுரண்டி எடுக்க நேரமும் கையும் வேண்டும். உப்புக்குடலை ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஒரு முனையைக் குழாயில் மாட்டி உள்ளே தண்ணீர் விட்டு அலசினால் போதும். ஓட்டை இருந்தால் அப்போதே பீய்ச்சும். அந்த இடத்தை வெட்டி எறியுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறியையும் கொழுப்பையும் இரண்டு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, இரண்டு உப்பையும் அந்தந்தக் கறியின் எடைக்குத் தக்கபடி பிரித்துப் பிசிறி, தனித்தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். சனிக்கிழமை விடிகாலை 4 மணிக்கு எழுந்திருக்கிறேன். இந்த நேரம் ரொம்ப முக்கியம். முதல் தடவை மே மாதத்தில், காலை 11 மணிக்குக் கைமா மெஷினை மேடையில் பூட்டி அரைக்க உட்கார்ந்தேன். அறைக்குள்ளேயே 34 டிகிரி. கொழுப்பு வெள்ளை வெள்ளையாகத் தனித்துத் தெரியாமல், நெய் தடவின மாதிரி கறி முழுக்கப் பளபளவென்று பூசிக்கொண்டது. அன்றைக்கு எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. புகையில் தொங்கவிட்டதும் கொழுப்பெல்லாம் உருகிக் குடலுக்கும் கறிக்கும் நடுவில் தேங்கியது, பின்னாலேயே சீஸும் கிளம்பியது. உள்ளே மிஞ்சியது மரத்தூள் மாதிரி உதிர்கிற கறி. 2 கிலோவும் வீண்.

அதனால் இப்போது அரைப்பதற்கு முன் கறி, கொழுப்பு, மெஷினின் திருகாணி, தட்டு, பிசையும் பேசின் எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைக்கிறேன். கறியின் ஓரம் மொறமொறவென்று உறைந்திருக்க வேண்டும், நடுவில் கத்தி இறங்க வேண்டும். பன்றிக்கறியையும் முக்கால்வாசிக் கொழுப்பையும் 6 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள தட்டில் ஒரே தடவை அரையுங்கள். மாட்டுக்கறியையும் மீதிக் கொழுப்பையும் அதைவிடச் சின்ன ஓட்டை உள்ள தட்டில் அரைத்து, ஐஸோடு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள், வழவழவென்று பசை மாதிரி வரும். அந்தப் பசைதான் மற்றதையெல்லாம் பிடித்து வைக்கும் சாந்து. வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 12 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிட்டு மறுபடி ஃப்ரீசர். ஐஸ் வீட்டில் குடிதண்ணீரில் செய்ததாக இருக்கட்டும். காசிமேட்டு ஐஸ் பார் மீனுக்கானது, சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது.

பிறகு அரைத்த பன்றிக்கறியையும் இந்தப் பசையையும் மிளகு, பூண்டு சேர்த்துக் கையால் பிசைய வேண்டும். விரல் மரத்துப்போகும், அது நல்லதுதான். ஐந்து ஆறு நிமிஷத்தில் கறி நார் நாராக இழுபட ஆரம்பிக்கும். ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தி, கையைத் தலைகீழாகத் திருப்புங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பதம் சரி. போன தடவை அப்பா தூக்கம் கலைந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் பேசினின் அடியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஐஸ் வைடா" என்று பேசினுக்குக் கீழே ஐஸ் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார்.

சீஸ் கடைசியில். உறைந்த துண்டுகளைப் போட்டு, நசுங்காமல் நாலு புரட்டு. கொஞ்சம் எடுத்து வடை மாதிரி தட்டிக் கல்லில் சுட்டு உப்புப் பாருங்கள். குடலில் அடைக்கும்போது விறைப்பாக அடைக்காதீர்கள். சூட்டில் சீஸும் கறியும் விரியும், இடம் இல்லாவிட்டால் குடல் பிளக்கும். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு முறுக்கு, நூலால் ஒரு கட்டு. இந்த அளவுக்குப் பதினாறு வரும். காற்றுக் குமிழி இருந்தால் விரலால் நீவி முனைக்குத் தள்ளுங்கள். ஊசி குத்தினால் பின்னால் அதே ஓட்டை வழியாகச் சீஸ் வெளியேறும்.

நம்மூரில் அடுத்த சிக்கல் ஈரக்காற்று. சாசேஜின் மேல் ஈரம் இருந்தால் புகை திட்டுத் திட்டாகக் கறுத்துக் கசக்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் வெளியே தொங்கவிட்டுக் காய்வதெல்லாம் நடக்காத காரியம். ஃபிரிட்ஜ்தான் வீட்டிலேயே காய்ந்த இடம். கம்பித் தட்டில் மூடாமல் அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். ஞாயிறு காலையில் தொட்டால் காகிதம் மாதிரி இருக்கும். அப்புறம் ஃபேனுக்கு முன்னால் இருபது நிமிஷம், வெளிக்காற்று பட்டு வேர்க்கும் ஈரம் போகட்டும்.

புகைக்கு நான் வைத்திருப்பது மூடியோடு ஒரு இரும்பு டிரம். சமையல் எண்ணெய் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். இந்தப் பக்கம் ரசாயனம் வந்த டிரம்மும் மலிவாகக் கிடைக்கும், அது வேண்டவே வேண்டாம். உள்ளே பெயிண்ட் இருந்தால் முதலில் நெருப்பு மூட்டி முழுக்க எரித்துச் சுரண்டிவிட வேண்டும். அடியில் கொட்டாங்கச்சிக் கரி கொஞ்சம், அதன் மேல் காய்ந்த மாமரத் துண்டு இரண்டு. ஆஸ்திரியாவில் பீச் (beech) மரம் போடுவார்கள். நமக்கு மா நன்றாக இருக்கிறது, கொய்யாவும் பரவாயில்லை. வேம்பு கசக்கும். பார்சல் பெட்டிப் பலகை, பிளைவுட் தூள் வேண்டாம். காசிமேட்டில் உடைத்த படகுப் பலகை சும்மா கிடைக்கும், ஆனால் அதில் பெயிண்டும் தாரும் ஊறியிருக்கும், தொடாதீர்கள்.

முதல் நாளே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். கீழ் வீட்டு அக்கா, "நாளைக்குப் புகை போடறியாப்பா? அப்ப துணியை இன்னைக்கே காயவெச்சு எடுத்துடறேன்" என்பார். அவருக்கு நாலு சாசேஜ் போகும்.

டிரம்முக்குள் சூடு முதல் அரைமணி 50 டிகிரி, பிறகு மெல்ல ஏற்றி 75. மூடியை நகர்த்திக் காற்றைக் கூட்டிக் குறைப்பதுதான் கைவேலை. 80 தாண்டினால் கொழுப்பு உருகத் தொடங்கிவிடும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும் புகை கசப்பு. மெல்லிசாக, லேசான நீலத்தில் வருவது நல்ல புகை. இரண்டு மணி நேரத்தில் செங்கல் நிறம் வந்துவிடும். ஒரு சாசேஜைத் தியாகம் பண்ணி, வெப்பமானியை நடுவில் குத்துங்கள். 70 டிகிரி வர வேண்டும். நிறம் வந்தும் சூடு வரவில்லை என்றால், மீதியை 75 டிகிரித் தண்ணீரில் இருபது நிமிஷம் போட்டு எடுத்து, மறுபடி ஒன்றில் குத்திப் பாருங்கள். எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். தோல் சுருங்காது, சீஸ் உள்ளேயே இறுகிவிடும்.

சாப்பிட, தோசைக்கல்லில் சின்னத் தீயில் எண்ணெய் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் உருட்டி உருட்டிச் சுடுங்கள். முட்கரண்டியால் குத்தாதீர்கள். முதல் வெட்டை உங்கள் பக்கமோ பிள்ளைகள் பக்கமோ திருப்பி வெட்டாதீர்கள், கொதிக்கும் சீஸ் தெறிக்கும். கடுகுக்கு: கடுகை இடித்துக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிஷம் விட்டு, காரம் ஏறிய பிறகு வினிகரும் துளி வெல்லமும் சேருங்கள். வினிகரை முதலிலேயே ஊற்றினால் காரம் எழாது. அந்தக் காட்டமான கிழங்குக்குப் பதில் வெள்ளை முள்ளங்கியைத் துருவிப் பிழிந்து, இதே கடுகில் ஒரு ஸ்பூன் கலக்கிறேன். மூக்கில் ஏறும் அந்தச் சுருக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ரொட்டிக்குத் தெருமுனை பேக்கரி பன், இனிப்பில்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

ஃபிரிட்ஜில் நாலு நாள் இருக்கும். ஃப்ரீசரில் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் இரண்டு மாதம். சுடுவதற்கு முந்தின ராத்திரியே எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். உறைந்தபடியே கல்லில் போட்டால் நடுவில் சூடு ஏறுவதற்குள் தோல் கருகி வெடித்துவிடும்.