ஹியூகோவில் படத்தின் பெயரோடு வரும் அந்த நீண்ட வால்

இணையதளத்தின் பக்கங்களை உருவாக்கித் தரும் ஹியூகோ மென்பொருளில் ஒரு படத்தை ரீசைஸ் செய்ததும் வெளியே வரும் கோப்பின் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் மிரட்சியாகத்தான் இருக்கும். நீங்கள் வைத்த பெயர் முன்னால், அப்புறம் ஒரு கீழ்க்கோடு, ‘ஹெச்யூ’ என்று இரண்டு எழுத்து, அதன்பின் நீளமாக ஒரு ஹாஷ், அதாவது ஹியூகோவே கணக்கிட்டு வைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. இதை வெட்டிவிட்டு அழகான பெயர் வைக்கலாமே என்று தோன்றும். பெரும்பாலான படங்களுக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள்.

படத்தின் உள்ளடக்கம், நீங்கள் கேட்ட அகலம், தரம், ஃபார்மட் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஹாஷ் வருகிறது. படத்தைத் திருத்தினாலோ அகலத்தை 600-லிருந்து 800 ஆக்கினாலோ பெயரும் தானாக மாறிவிடும், வாசகரின் பிரவுசர் கேஷில் கிடக்கும் பழைய படம் வந்து நிற்காது. இவ்வளவு உபயோகமானதைப் போய் ஏன் நீக்க வேண்டும்?

ஆனால் அந்தப் பெயரை டெம்ப்ளேட்டில் கையால் தட்டவே தட்டாதீர்கள். முன்பெல்லாம் அகலமும் ஃபில்டர் பெயரும்கூடக் கோப்பின் பெயரிலேயே இருந்தன, புதிய பதிப்புகளில் அந்த அமைப்பே மாறிவிட்டது. ரீசைஸ் தருவதை ஒரு வேரியபிளில் வைத்து, அதன் ரெல்பெர்மாலிங்கை, அதாவது தளத்துக்குள் அந்தப் படத்தின் முகவரியை, இமேஜ் டேக்கில் போடுங்கள். அதைக் கேட்டால்தான் ஹியூகோ அந்தக் கோப்பை, தயாரான தளம் வந்து சேரும் பப்ளிக் ஃபோல்டரில் எழுதவே செய்யும்.

நீங்கள் யோசித்து வைக்க வேண்டியது மூலப் படத்தின் பெயரை. சின்ன ஆங்கில எழுத்து, நடுவில் ஹைஃபன், போதும். தமிழில் வைத்தால் ஒரு சிக்கல் இருக்கிறது: ‘கோயில்’ என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கோ இரண்டும் வேறு வேறு கோப்பு.

சரி, மின்னஞ்சல் செய்திமடலில் போகும் லோகோ மாதிரி, முகவரி மாறவே கூடாத படங்களுக்கு என்ன செய்வது? அதற்கு 0.100 பதிப்பிலிருந்து ரிசோர்சஸ் காப்பி என்ற ஃபங்ஷன் இருக்கிறது, எந்தப் பாதையில் எந்தப் பெயரில் வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். இங்கேதான் கவனம் வேண்டும். எல்லாப் பதிவின் ஃபோல்டரிலும் ‘கவர்’ என்றே ஒரு படம் இருந்து, எல்லாவற்றையும் இமேஜஸ் ஃபோல்டருக்குள் ‘கவர்-600’ என்று காப்பி செய்தால், ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசியில் எல்லாப் பதிவிலும் ஒரே படம் வந்து நிற்கும். அதனால் பெயருக்கு முன்னால் பதிவின் பாதையையும் பின்னால் அகலத்தையும் கட்டாயம் சேருங்கள். தளத்தை உருவாக்கும் பில்ட் கட்டளையை ஒருமுறை பிரிண்ட்பாத்வார்னிங்ஸ் என்ற ஃபிளாகை (கட்டளையோடு சேர்க்கும் விருப்பத்தை) சேர்த்து ஓட்டிப் பாருங்கள், ஒரே பாதையில் இரண்டு கோப்பு மோதினால் எச்சரிக்கத்தான் அது இருக்கிறது. படத்தை மாற்றும்போது பெயரில் ‘வி2’ என்று சேர்ப்பதும் இனி உங்கள் வேலை.

பழைய ஹாஷ் பெயர்கள் பப்ளிக் ஃபோல்டரில் அப்படியே தங்கிவிடும், ஹியூகோ அவற்றைத் துடைக்காது. தளத்தை சர்வரில் ஏற்றுவதற்கு முன் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு, ஜிசி என்ற ஃபிளாகோடு பில்ட் செய்யுங்கள்; ரிசோர்சஸ் ஃபோல்டரில் பயனில்லாமல் கிடக்கும் கேஷும் அதிலேயே போய்விடும்.