ஹெட்லைட் மினுங்கியதும் வேலை முடிந்துவிடாது

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகலை தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடைப் பக்கத்தில் இரண்டு பொடியன்கள் பழைய ஆல்டோ ஒன்றின் ஹெட்லைட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு டிரில் மெஷின், அதில் பஞ்சுச் சக்கரம், பக்கத்தில் ஒரு டப்பா கம்பவுண்ட், அதாவது தேய்த்து மினுக்கும் பசை. அரை மணி நேரத்துக்குள் மஞ்சள் போய் லைட் புதுசு மாதிரி ஆகிவிட்டது. கார்க்காரர் போனில் படம் எடுத்து, காசைக் கொடுத்து, சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். நான் இறங்கிப் போய், “தம்பி, இதுக்கு மேல என்ன அடிப்பீங்க?” என்று கேட்டேன். “எதுக்கு அண்ணே? அதான் கிளியர் ஆயிருச்சே” என்றான் ஒருவன்.

கராஜ் தொடங்கிய புதிதில் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் மஞ்சளான ஹெட்லைட்டைச் சரிசெய்யும்போது நாம் விடும் பிழைகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். மாஸ்கிங் டேப் ஒட்டாமல் பொனட் பெயிண்டைக் கீறுவது, தண்ணீர் இல்லாமல் தேய்ப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு தடவை செய்தவர் மறு தடவை செய்யமாட்டார்.

மங்கல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தொடங்குவது

லென்ஸ் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்ததும் தெளிவாகத் தெரிந்தால் மங்கல் வெளியே இருக்கிறது, தேய்க்கலாம். நனைந்த பிறகும் பால் மாதிரியே இருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது, அல்லது பிளாஸ்டிக்கே உள்ளுக்குள் வெடித்திருக்கிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து மழையில் ஓடும் வண்டிகளில் இந்த ஈரப் பிரச்சினை அதிகம். அதற்குப் பின்பக்க ரப்பர் மூடியையும் காற்றுத் துளையையும் லென்ஸ் ஓரத்துச் சீல் பசையையும் பார்க்க வேண்டும். வெளியே எத்தனை நாள் தேய்த்தாலும் பிரயோசனம் இல்லை.

பற்பசை

பல்லுக்கு.

நுளம்பு ஸ்ப்ரே

இதை அடித்துத் துடைத்தால் மஞ்சள் போகும் என்பார்கள். அதில் இருக்கும் டீட் (DEET) என்ற நுளம்பு விரட்டும் இரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைக்கிறது, அந்தக் கரைசல் மினுங்குவதைத்தான் தெளிவு என்று நினைக்கிறார்கள். தொடவே வேண்டாம்.

போலிஷோடு நிறுத்திக்கொள்வது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்களின் லைட் கண்ணாடி, அது மஞ்சளாவதே இல்லை. இப்போது வருவதெல்லாம் பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் சட்டென்று உடையாது, எடை குறைவு, ஆனால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை அதனால் தாங்க முடியாது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன் மேல் மெல்லிய, கெட்டியான பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் போட்டு அனுப்புகிறார்கள். நாம் மஞ்சள் என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் பூச்சு பழுதாகி, அதன் கீழே பிளாஸ்டிக்கும் வெயிலில் கெடத் தொடங்கியதைத்தான். சாண்ட்பேப்பர் போட்டதும் மஞ்சளோடு சேர்ந்து மிச்சமிருந்த பூச்சும் போய்விடுகிறது. அப்புறம் கம்பவுண்ட் போட்டு மினுக்கி அனுப்பினால், மேலே எதுவுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் விடுகிறோம் என்றுதான் அர்த்தம். மெழுகு பூசினால் போதும் என்பார்கள். இங்கத்தைய மழைக்கு மெழுகு எத்தனை நாள் நிற்கும்?

நம்ம ஊர் குளிர்தானே, வெயில் எங்கே என்று பலர் கேட்பார்கள். குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தம் இல்லை. உயரம் ஒவ்வொரு 1,000 மீற்றர் கூடும்போதும் அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. முகம் கறுக்கிறது அல்லவா, அதே வெயில்தான் லைட்டிலும் படுகிறது.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஹயர் ஓடும் வேன்காரர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், லைட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மினுக்கிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் முன்பைவிட மோசமாக மஞ்சளாகித் திரும்பி வந்தது. பிளாஸ்டிக் மட்டம் போல என்று சொல்லி மறுபடியும் மினுக்கிக் காசும் வாங்கினேன். மூன்றாவது தடவை அவர் வந்தபோது முகமே சரியில்லை. முதல் நாள் சாயந்திரம் ரொசல்லைப் பக்கத்து வளைவில், மழையும் பனியுமாக இருந்த நேரத்தில், புல்லுக்கட்டோடு ஓரமாக நடந்து வந்த ஒரு ஆளைக் கிட்டத்தில் வரும்வரை அவருக்குத் தெரியவில்லையாம். பிரேக் பிடித்து வேன் வழுக்கி, ரோட்டோரத் திட்டில் தட்டி நின்றிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. “லைட்ட நீதானேப்பா பாத்த?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் திரும்பத் திரும்பத் தேய்த்ததில் லென்ஸ் முழுக்க முடி மாதிரி வெடிப்பு விழுந்திருந்தது. என் காசில் ஒரு சோடி லைட் வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? பழைய பூச்சு முழுவதும் போகும்வரை 600 அல்லது 800 நம்பர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். திட்டுத் திட்டாகப் பூச்சு மிஞ்சினால் பிறகு அந்த விளிம்பு அப்படியே தெரியும். அதன்பின் 1,000 நம்பர் பேப்பரால் முழுதும் ஒரே மாதிரி மங்கலாக வரும்வரை தேய்த்து அங்கேயே நிறுத்துங்கள். கம்பவுண்ட் போடாதீர்கள். இதைத்தான் யாரும் நம்புவதில்லை. போன பூச்சுக்குப் பதிலாக மேலே அடிக்க வேண்டியது டூகே (2K) கிளியர், அதாவது இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் நிறமில்லாத பூச்சு. அது பிடித்துக்கொள்ள அந்த நுண்ணிய கீறல்கள் வேண்டும், கிளியர் அவற்றை நிரப்பியதும் லென்ஸ் தானாகத் தெளிந்துவிடும். மினுக்கிவிட்டு மேலே கிளியர் அடித்தால் அது தோல் மாதிரி உரிந்து வரும், கம்பவுண்டில் சிலிக்கோன் இருந்தால் குழி குழியாகவும் விழும். துடைப்பதற்கு ஐசோபுரோப்பில் ஆல்கஹோல் போதும். தின்னரால் துடைத்தால் பொலிகார்பனேட்டில் வெடிப்பு விழும். முதல் கோட்டை மெல்லிசாகத் தூவுங்கள், பத்து நிமிடம் விடுங்கள், பிறகு இரண்டு கோட் நிறைவாக அடியுங்கள். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பொல்லாதது. அதற்குரிய வடிகட்டி போட்ட முகமூடி இல்லையென்றால் அடிக்காதீர்கள், துணி கட்டினால் போதாது.

பனி இறங்கும் நேரத்தில் கிளியர் அடிப்பது

வீடியோக்களில் காட்டுவது வேறு ஊர்க் காற்று. நம் பக்கத்தில் மத்தியானம் தாண்டினால் பனி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. கிளியரில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது லென்ஸின் மேற்பரப்பு இன்னும் குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது. சாதாரணக் கிளியர் என்றால் வெள்ளை பூத்துப்போகும், டூகே என்றால் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்து குமிழி விடும். நான் காலையில் வெயில் ஏறிய பிறகு, மூடிய இடத்தில், லென்ஸைத் தலைமுடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கிவிட்டுத்தான் அடிக்கிறேன். டப்பாவில் போட்டிருக்கும் காயும் நேரம் சூடான ஊருக்குரியது. இங்கே ஒரு இரவு முழுக்கக் காயவிடாமல் வண்டியைக் கொடுப்பதில்லை, ஆறு மணிக்கு எஸ்டேட்டுக்குப் போக வேண்டும் என்று எத்தனை பேர் கெஞ்சினாலும்.

மங்கின லைட்டுக்குப் பெரிய பல்ப்

வெளிச்சம் முன்னால் போகாது, சிதறும். ரம்பொடை ஏற்றத்தில் பனிக்குள் உங்கள் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் நிற்கும், எதிரே வரும் பஸ் டிரைவருக்கும் கண் கூசும்.

தேய்த்தால் எல்லாமே சரியாகும் என்று நம்புவது

அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ (AAA) 2018இல் அளந்து பார்த்ததில், கெட்டுப்போன லைட் புதிய லைட்டின் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் கொடுத்தது. தேய்த்துச் சரிசெய்தபோது சுமார் 70 சதவீதம் வரை திரும்பி வந்தது. 100 வரவில்லை. உள்ளே வெடித்த லைட்டுக்கு அந்த 70ம் வராது, மாற்றத்தான் வேண்டும். 2020இலிருந்து 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் நம்மிடம் ஓடும் கார்களுக்கு வயது கூடிவிட்டது, பாவித்த லைட்டுகளுக்கும் நல்ல கிராக்கி. வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், விற்பவரும் வெறும் கம்பவுண்ட் போட்டு மினுக்கியிருக்கலாம். பொனட்டுக்குக் கீழே மறைந்திருக்கும் விளிம்பில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய பூச்சு முடியும் கோடு அங்கே தெரிந்து, அதற்கு இந்தப் பக்கம் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்களும் இருந்தால், அதை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.