முன் பிரேக் பிடித்தால் பிரேக் லைட் எரியவில்லையா? சுவிட்ச் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

முன் பிரேக்கைப் பிடித்தால் பிரேக் லைட் எரியவில்லை என்றதும் பலரும் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் சுவிட்ச் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில நேரம் சரியாகும். ஆகாவிட்டால் காசும் போச்சு, கோளாறும் அப்படியே நிற்கும். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு சாண் வயர், பழைய டூத் பிரஷ் இருந்தால் கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் வசதி.

1. பின் பிரேக்கை மிதியுங்கள்

சாவியை ஆன் செய்துவிட்டு, முன் லீவரைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டும் மிதியுங்கள். இரண்டு பிரேக்குக்கும் தனித்தனி சுவிட்ச். எரிவது ஒரே பல்பு. பின் பிரேக்குக்கு எரிந்தால் பல்பும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஹேண்டில்பார் பக்கம்தான். இதற்கும் எரியாவிட்டால் முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். டெயில் லைட் எரிவதை வைத்து பல்பு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பிரேக்குக்கு உரிய இழை மட்டும் அறுந்திருக்கலாம்.

2. லீவருக்கு அடியில் பாருங்கள்

லீவர் திரும்பும் இடத்துக்கு அருகே, கீழ்ப்புறம் சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதிலிருந்து இரண்டு வயர்கள் போகும். அதுதான் சுவிட்ச். பல வண்டிகளில் லீவர் சும்மா இருக்கும்போது ஒரு குட்டி முனையை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். லீவரை இழுத்ததும் முனை வெளியே வரும், லைட் எரியும். அதனால் மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து முனை உள்ளேயே மாட்டிக்கொண்டால் லைட் எரியாது. முனை ஒடிந்து போனாலோ லைட் அணையவே அணையாது.

லீவரை மெதுவாக இழுத்து விடுங்கள். லேசாக 'டிக்' என்று கேட்கிறதா? கேட்காவிட்டால் பிரஷால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, முனையை விரலால் நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். வாட்டர் வாஷுக்குப் பிறகு வந்த கோளாறு பல சமயம் இதிலேயே தீர்ந்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் ஸ்பிரே டிஸ்க்கில் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

வண்டி விழுந்து லீவர் மாற்றியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வேறு மாடலின் லீவரில் முனையை அழுத்தும் மேடு சரியான இடத்தில் இருக்காது. அப்போது சுவிட்ச் மேல் தப்பே இல்லை.

3. வயரை நேராக இணைத்துப் பாருங்கள்

முக்கியமான சோதனை இதுதான். சாவியை ஆஃப் செய்துவிட்டு, சுவிட்சில் உள்ள இரண்டு வயர்களையும் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்து இழுங்கள். உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் உப்புத்தாளால் சுரண்டிவிடுங்கள். அப்புறம் கையிலுள்ள வயரின் இரு முனைகளையும் சீவி, இரண்டு கனெக்டருக்கும் நடுவே செருகி, சாவியை ஆன் செய்யுங்கள்.

லைட் எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது, தயங்காமல் மாற்றலாம். எரியாவிட்டால் புது சுவிட்ச் வாங்கிப் பயனில்லை, வயரில்தான் கோளாறு. சீவிய முனை ஹேண்டில்பாரில் மட்டும் பட்டுவிடக் கூடாது, ஃபியூஸ் போய்விடும்.

4. வயரில் எங்கே?

செருகிய வயரை அப்படியே விட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். நடுவில் லைட் மின்னினால், ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேலே உறை நன்றாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

மின்னவில்லை என்றால் அந்த வயரை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் இரண்டு கனெக்டரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் 12 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும். ஹோண்டா வண்டிகளில் வழக்கமாக அது கறுப்பு வயர். பச்சையில் மஞ்சள் கோடு போட்டது பின்விளக்குக்குப் போகும். கறுப்பில் 12 வந்தும் லைட் எரியவில்லை என்றால் பச்சை-மஞ்சளைத் தேடுங்கள். வரவே இல்லை என்றால் கறுப்பில்தான் அறுப்பு.

5. மாற்றும்போது

பெரும்பாலும் ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூ. பிளாஸ்டிக் என்பதால் இறுக்கிப் பிழியாதீர்கள். மாட்டியதும் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே லைட் எரிய வேண்டும்.

சில டிஸ்க் பிரேக் வண்டிகளில் லீவருக்கு அடியில் எதுவும் இருக்காது. பிரேக் ஆயில் குழாய் சேரும் போல்ட்டிலேயே, அழுத்தத்தில் இயங்கும் சுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றினால் ஆயில் வெளியே வரும், காற்று உள்ளே போகும், ஏர் எடுக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாவிட்டால் அந்த வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.