ஜோஷுவா ட்ரீ: ஆர்.வி.யை முகாமில் விடுங்கள்

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவைக் குழுவாகப் பார்க்கப் போகிறவர்கள், ஆர்.வி.க்களை (படுக்கை, சமையல் வசதியுள்ள பெரிய பயண வண்டிகளை) பூங்காவுக்கு வெளியே உள்ள முகாமிலேயே நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று கார்களில் சேர்ந்து போங்கள். நுழைவுக் கட்டணம் தலைக்கு அல்ல, வண்டிக்குத்தான். ஒரு முறை செலுத்தினால் ஏழு நாள் செல்லும். ஒருவரிடம் தேசியப் பூங்காக்களின் ஆண்டு பாஸ் இருந்தால், அவருடைய காரில் வருபவர்களுக்கும் அதுவே போதும். பாறைக் குன்றுகளுக்கு அருகே நெருக்கடியான வாகன நிறுத்தங்களில் காருக்கு இடம் கிடைப்பதும் எளிது, இதுவே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

பூங்காவுக்குள்ளேயே முகாமிடுவதானால் இந்த வழி உதவாது; ஒவ்வொரு ஆர்.வி.யும் உள்ளே வந்தாக வேண்டும். உள்ளே பெரும்பாலான இடங்களில் குடிநீரும் செல்பேசித் தொடர்பும் இல்லை. ஒவ்வொரு காரிலும் தண்ணீர் இருக்கட்டும், சந்திக்கும் இடத்தைக் கிளம்பும் முன்பே பேசிவையுங்கள்.